இணைய விண்வெளி விளையாட்டுகளில் செல்வம் சேர்ப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆயிரக்கணக்கானோர் ஒரே வானில் பறக்கும் இணைய விண்வெளி விளையாட்டு ஒன்றில் புதிதாக நுழைகிறவர் முதல் மாலையிலேயே கேட்பது, பெரிய கப்பல் வாங்க எத்தனை நாள் ஆகும் என்பதுதான். அதற்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் எதைச் செய்தால் அந்த நாட்கள் குறையும் என்பதைச் சொல்ல முடியும். பல ஆண்டுகளாக இவ்விளையாட்டுகளில் வென்றும் தோற்றும் நான் கண்டது இது: வேகமாக வளர்கிறவர்கள் பெரும்பாலும் மணிக்கு மிக அதிகம் சம்பாதிக்கிறவர்களாக இருப்பதில்லை, தம் கப்பல் வெடித்த மறுநிமிடமே அதைப் போன்ற இன்னொன்றில் ஏறிக் கிளம்பக்கூடியவர்களாக இருக்கிறார்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த நிலையை அடைவதற்கானவை.

எடுத்துக்காட்டுகளுக்கு மூன்று விளையாட்டுகளை வைத்துக்கொள்கிறேன். ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் 2003 மே 6 அன்று வெளியிட்ட ஈவ் ஆன்லைன், பிரிட்டனின் ஃபிரான்டியர் நிறுவனம் 2014 டிசம்பர் 16 அன்று வெளியிட்ட எலைட் டேஞ்சரஸ், 2002 முதல் பிரவுசரிலேயே ஆடப்பட்டு வரும் ஜெர்மானிய விளையாட்டான ஓகேம் ஆகியவை அவை. நீங்கள் ஆடுவது வேறொன்றாக இருந்தாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் சாயல் அதில் இருக்கும்.

முதல் படி: எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு விளையாட்டிலும் வளர்ச்சியை ஏதோ ஒரு கடிகாரம் கட்டுப்படுத்துகிறது. அது எது என்று தெரியாமல் உழைப்பவர், திறந்திருக்கும் கதவை விட்டுவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார்.

ஈவ் விளையாட்டில் திறன்கள் உண்மையான நேரத்தில் பயிற்சி பெறுகின்றன. நீங்கள் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் அது நடந்துகொண்டே இருக்கும். பத்து மணி நேரம் விடாமல் ஆடினாலும் அதன் வேகம் கூடாது. ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து நிலைகள் உண்டு. மிக எளிய திறன் ஒன்றை எடுத்துக்கொண்டால் முதல் நிலைக்கு 250 புள்ளிகளும், மூன்றாம் நிலை வரை மொத்தம் 8,000 புள்ளிகளும், நான்காம் நிலை வரை 45,255 புள்ளிகளும், ஐந்தாம் நிலை வரை 2,56,000 புள்ளிகளும் வேண்டும். சந்தா செலுத்தும் ஒமேகா கணக்கில், எந்த மாற்றமும் செய்யாத தொடக்கக் கதாபாத்திரம் நிமிடத்துக்கு 30 புள்ளிகள், அதாவது மணிக்கு 1,800 புள்ளிகள் பெறுகிறது. அப்படியானால் மூன்றாம் நிலையை எட்ட நாலரை மணி நேரம் போதும். அங்கிருந்து நான்காம் நிலைக்கு ஏறத்தாழ 21 மணி நேரம். நான்கிலிருந்து ஐந்துக்கோ ஏறக்குறைய ஐந்து முழு நாட்கள். பெரும்பாலான திறன்கள் ஒவ்வொரு நிலைக்கும் ஒரே அளவு பலனையே தருகின்றன என்பதைச் சேர்த்துப் பாருங்கள்: நான்காம் நிலையில் நின்றுவிடுகிறவர் மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கே செலவிட்டு, மொத்தப் பலனில் ஐந்தில் நான்கு பங்கைப் பெற்றுவிடுகிறார். பதினைந்து ஆண்டுகளாக ஆடும் மூத்தவரை எட்டவே முடியாது என்று புதியவர்கள் மனம் தளர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் கவலைக்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு சிறு கப்பலை ஓட்டுவதற்கு வேண்டிய திறன்களில் அந்த மூத்தவருக்கும் ஐந்தாம் நிலைக்கு மேல் எதுவும் கிடையாது.

ஆகவே ஈவில் முதல் மாதம் முழுவதும் செய்ய வேண்டியது, நீங்கள் ஓட்டும் ஒரே வகைக் கப்பலுக்கு வேண்டிய பல திறன்களை மூன்றாம், நான்காம் நிலைகளுக்குக் கொண்டுவருவதுதான். வேறொரு கப்பலையோ கருவியையோ திறந்துவிடும் முன்நிபந்தனையாக இருந்தாலன்றி ஐந்தாம் நிலையைத் தொடாதீர்கள். 2016 நவம்பரில் வந்த இலவச ஆல்பா கணக்கில் பயிற்சி இதில் பாதி வேகத்தில் நடக்கும், 50 இலட்சம் புள்ளிகளோடு தானாக நின்றுவிடும். விளையாட்டு உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க அது தாராளமாகப் போதும்.

எலைட் டேஞ்சரஸ் இதற்கு நேர் எதிர். அங்கே பயிற்சிக் கடிகாரமே இல்லை. கையில் அந்த விளையாட்டின் பணமான கிரெடிட் இருந்தால் எந்தச் சாதாரணக் கப்பலையும் இன்றே வாங்கலாம். நமது பால்வெளி மண்டலத்தை உண்மை அளவிலேயே, 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு அமைத்துவைத்திருக்கும் அந்த விளையாட்டில், உங்கள் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பணப்பையும் உங்கள் கையின் பழக்கமும்தான்.

ஓகேமில் கடிகாரம் என்பது உங்கள் கோளில் வளம் தோண்டும் சுரங்கம். அதன் கணக்கைப் பிறகு விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் முதலீடு எப்போது திரும்பி வரும் என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படி: இலவசமாகக் கிடைப்பதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பயிற்சிப் பணிகளைத் தவிர்த்துவிட்டு நேரே விண்வெளிக்குப் பாய்வது பலருக்கும் வழக்கம், அது வீண். ஈவில் தொடக்கப் பகுதியிலுள்ள தொழில் முகவர்கள் தரும் பணிகளை முடித்தால் கப்பல்களும் கருவிகளும் கொஞ்சம் பணமும் கிடைப்பதோடு, சண்டை, ஆய்வு, உற்பத்தி ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு முறை தொட்டுப் பார்த்ததாகவும் ஆகும். அதன் பிறகு அர்னான் என்ற விண்மீன் அமைப்பில் தொடங்கும் சிஸ்டர்ஸ் ஆஃப் ஈவ் தொடர்பணி ஒரு வாரத்துக்குப் போதுமான வேலையைத் தரும். அதில் பணத்தைவிட முக்கியம், பல அமைப்புகளைக் கடந்து பயணம் செய்யும் பழக்கம்.

மூன்றாம் படி: ஒரே ஒரு வருமான வழியைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர் செய்யும் தவறுகளில் மிக விலையுயர்ந்தது, திங்களன்று மைனிங், செவ்வாயன்று சண்டை, புதனன்று வணிகம் என்று தாவுவது. ஒவ்வொரு தொழிலுக்கும் தனிக் கப்பல், தனிக் கருவி, தனி அனுபவம் வேண்டும். தாவுகிறவர் எல்லாவற்றுக்கும் நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டு எதிலும் உள்ளே போவதில்லை. குறைந்தது இரண்டு வாரங்கள் ஒன்றிலேயே நில்லுங்கள்.

ஈவில் புதியவருக்கு எளிதானது வென்ச்சர் என்ற சிறு மைனிங் கப்பல். அதன் தாதுக் கிடங்கு 5,000 கன மீட்டர் கொள்ளும், பிடிபடாமல் தப்பிச் செல்ல அதற்கென்றே ஒரு கூடுதல் திறனும் இருக்கிறது. வருமானம் குறைவுதான், ஆனாலும் வேறொரு வேலை செய்துகொண்டே ஆடுகிறவருக்கு ஏற்றது. எனக்குப் பிடித்தது ஆய்வுத் தொழில். ஹெரான், மேக்னேட், இமிக்கஸ், புரோப் ஆகிய நான்கில் உங்கள் கதாபாத்திரத்தின் இனத்துக்குரிய மலிவான கப்பலை எடுத்துக்கொண்டு, ஸ்கேன் புரோப் எனும் தேடுகருவிகளை வீசி, மறைந்திருக்கும் தொல்பொருள் தளங்களையும் தரவுத் தளங்களையும் கண்டுபிடித்து, அவற்றின் பூட்டை உடைத்துச் சரக்கை எடுப்பது அது. பாதுகாப்பான பகுதிகளில் அந்தத் தளங்களில் தேறுவது சொற்பம். ஒவ்வொரு விண்மீன் அமைப்புக்கும் விளையாட்டு தரும் பாதுகாப்பு மதிப்பு 0.0 ஆகவும் அதற்குக் கீழேயும் உள்ள நல்செக் பகுதியிலும், 2009-இல் சேர்க்கப்பட்ட, புழுத்துளைகள் வழியே மட்டும் நுழையக்கூடிய வார்ம்ஹோல் வெளியிலும்தான் உண்மையான சரக்கு கிடைக்கும். கப்பலின் விலை அற்பம் என்பதால், ஒரு நல்ல தளத்தின் சரக்கே பல கப்பல்களுக்கு ஈடாகிவிடும். பிடிபட்டால் பிடிபட்டதுதான், அடுத்ததில் கிளம்ப வேண்டியது.

எலைட்டில் இன்றைய நிலையில் புதியவருக்கு நான் சொல்வது எக்ஸோபயாலஜி. 2021 மே மாதம் வந்த ஒடிசி விரிவாக்கம் இதற்கு வேண்டும். ஆர்ட்டெமிஸ் என்ற விண்வெளி உடையை வாங்கிக்கொண்டு, மெல்லிய வளிமண்டலம் உள்ள கோள்களில் இறங்கி, அங்குள்ள உயிரினங்களின் மாதிரிகளை எடுத்து விஸ்டா ஜினோமிக்ஸ் முகவரிடம் விற்பதுதான் தொழில். ஒரே இனத்தின் மூன்று மாதிரிகள் வேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஸ்ட்ராட்டம் டெக்டோனிகாஸ் என்ற இனத்துக்கு அந்தத் தூரம் 500 மீட்டர். அதன் மூன்று மாதிரிகளுக்கு 1.9 கோடி கிரெடிட் கிடைக்கும். அதை அந்தக் கோளில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் நீங்களாக இருந்தால் அதைப்போல் நான்கு மடங்கு ஊக்கத்தொகை அதன்மேல் சேரும், ஆக மொத்தம் 9.5 கோடி. சைட்வைண்டர் என்ற தொடக்கக் கப்பலில் கிடந்து அல்லாடும் ஒருவருக்கு இது ஒரு பைத்தான் கப்பலின் அடிப்படை விலையையும் தாண்டிய தொகை. துப்பாக்கிச் சண்டை எதுவும் தேவையில்லை. ஆள் நடமாட்டமுள்ள பகுதியிலிருந்து கொஞ்சம் விலகிப் போகும் பொறுமையும், மேடு பள்ளத்தில் கப்பலை இறக்கும் கையும் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. எந்த வழி இன்று பொன்முட்டையிடுகிறதோ அது நாளையே மெலியக்கூடும். எலைட்டில் 2018 டிசம்பரில் ஆழ்மட்ட மைனிங் அறிமுகமானபோது வாய்ட் ஓபல் என்ற கல் பலரைக் கோடீசுவரராக்கியது. பின்னர் சந்தைத் தேவை திருத்தப்பட்டபோது அந்தக் காலம் முடிந்தது. ஆகையால் எந்த வழிகாட்டியைப் படித்தாலும், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதில் உள்ள தொகைகளை விளையாட்டுக்குள் ஒரு முறை சரிபார்த்த பிறகே முதலீடு செய்யுங்கள்.

நான்காம் படி: மணிக்கணக்கு எழுதுங்கள்

பணப்பையில் ஏறிய தொகையை மட்டும் பார்த்து வருமானத்தை மதிப்பிடுவது பெரிய ஏமாற்று. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து கிளம்பிய நேரத்தையும், சரக்கை விற்றுப் பணம் கையில் வந்த நேரத்தையும் எழுதுங்கள். பயணம், கருவிகளைத் தேடியது, சந்தைக்குப் போனது எல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். பிறகு இழப்பையும் கழியுங்கள்.

கணக்கு எப்படி மாறுகிறது என்று காட்ட ஒரு கற்பனை எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஈவில் ஒருவர் 30 இலட்சம் இஸ்க் (ஈவின் பணம்) மதிப்புள்ள ஆய்வுக் கப்பலில் மணிக்கு 2 கோடி இஸ்க் ஈட்டுகிறார், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கப்பலை இழக்கிறார். இழப்பு மணிக்குச் சராசரியாக 10 இலட்சம். கையில் நிற்பது 1.9 கோடி. இன்னொருவர் 40 கோடி இஸ்க் மதிப்புள்ள கப்பலில் மணிக்கு 5 கோடி ஈட்டுகிறார், பத்து மணி நேரத்துக்கு ஒரு முறைதான் இழக்கிறார். அவருடைய இழப்பு மணிக்கு 4 கோடி. கையில் நிற்பது வெறும் ஒரு கோடி. இரண்டாமவர்தான் நிலையத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும் கப்பலில் இருக்கிறார், முதலாமவரோ வாரக் கடைசியில் பணக்காரராகிறார். உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எதிர்பாராத விடை வரும்.

ஐந்தாம் படி: இழப்புக்கான கையிருப்பு

ஈவ் ஆடுகிறவர்களிடையே வழங்கும் பழைய விதி, இழக்கத் துணியாத கப்பலை ஓட்டாதே என்பது. அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தால்தான் அது பயன்படும். என் அளவுகோல், ஒரே கப்பலை அதன் கருவிகளோடு மூன்று முறை வாங்கும் பணம் கையில் இல்லாமல் அதற்கு மேற்பட்ட கப்பலுக்குப் போவதில்லை என்பதே. ஈவில் காப்பீடு இருக்கிறது, ஆனால் அது கப்பலின் உடலுக்கு மட்டுமே. பொருத்திய கருவிகளுக்கும் கிடங்கிலிருந்த சரக்குக்கும் ஒரு பைசா கிடையாது. பல கப்பல்களில் கருவிகளின் விலை உடலின் விலையை எளிதாகத் தாண்டிவிடும்.

பாதுகாப்பு மதிப்பு 0.5 முதல் 1.0 வரை உள்ள ஹைசெக் பகுதி பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அங்கு யாராவது காரணமின்றி உங்களைத் தாக்கினால் கான்கார்ட் என்ற காவற்படை வந்து அவர் கப்பலை அழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தண்டிக்க வருகிறது, தடுக்க வருவதில்லை. உங்கள் கிடங்கில் இருக்கும் சரக்கின் மதிப்பு, தாக்குகிறவர்கள் இழக்கப்போகும் மலிவான கப்பல்களின் மதிப்பைவிட அதிகமாக இருந்தால், அவர்களுக்கு அது இலாபகரமான வணிகம். அவர்களுடைய ஸ்கேனரில் உங்கள் சரக்குப் பட்டியல் முழுவதும் தெரியும். நான் தொடங்கிய காலத்தில் மூன்று வாரச் சேமிப்பை ஒரே சரக்குக் கப்பலில் ஏற்றி, தானியங்கிப் பயணத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். தானியங்கி, விண்மீன் அமைப்புகளை இணைக்கும் ஒவ்வொரு வாயிலிலிருந்தும் சற்றுத் தள்ளியே கப்பலை நிறுத்தி, மீதித் தூரத்தை ஊர்ந்து கடக்க வைக்கும். கையால் ஓட்டுகிறவரோ வாயிலை ஒட்டியே இறங்கி உடனே தாவிவிடலாம். திரும்பி வந்து பார்த்தபோது திரையில் என் கப்பலுக்குப் பதிலாக ஒரு சிறு உயிர்காப்புக் கூடும் பக்கத்தில் சிதைவும் மிதந்துகொண்டிருந்தன. யாரையும் குறை சொல்வதற்கில்லை. விலையுயர்ந்த சரக்கைப் பல நடைகளாகப் பிரித்து, கையால் ஓட்டிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

எலைட்டில் இந்தக் கணக்கு எளிது. கப்பல் அழிந்தால் கருவிகளோடு சேர்ந்த மொத்த மதிப்பில் 5 விழுக்காட்டைச் செலுத்தி அதே கப்பலைத் திரும்பப் பெறலாம். 40 கோடி கிரெடிட் போட்டு அலங்கரித்த அனகோண்டா கப்பலுக்கு அது 2 கோடி ஆகிறது. அந்த 2 கோடி கையில் இல்லாதபோது கப்பல் வெடித்தால் 40 கோடியும் போய்விடும். எல்லாவற்றையும் கொட்டிப் பெரிய கப்பலை வாங்கிவிட்டு, காலிப் பணப்பையோடு நிலையத்தை விட்டு வெளியே வருகிறவர்கள் அந்த விளையாட்டின் நிரந்தரச் சோகம். விற்காத ஆய்வுத் தரவும், விற்காத உயிரின மாதிரிகளும் கப்பலோடு சேர்ந்தே அழியும் என்பதையும் மறக்க வேண்டாம். பிற ஆட்டக்காரர்களால் வரும் ஆபத்தை வேண்டாமென்று நினைத்தால் சோலோ முறையில் ஆடலாம். அதே விண்மண்டலம், அதே பணப்பை, ஆனால் வேறு மனிதர் யாரும் எதிரே வரமாட்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறாம் படி: முதலீடு எப்போது திரும்பும்

இப்போது ஓகேம் கணக்கு. அதன் பல உலகங்களில், வேகம் ஒன்று என்ற சாதாரண அளவில் ஓடும் உலகில், உலோகச் சுரங்கத்தின் ஒவ்வொரு நிலைக்கும் செலவு முந்தைய நிலையைப் போல் ஒன்றரை மடங்காகிறது. உற்பத்தியோ அவ்வளவு வேகமாகக் கூடுவதில்லை. பத்தாம் நிலையில் மணிக்கு 778 உலோகம் கிடைக்கிறது. பதினொன்றாம் நிலைக்கு உயர்த்தினால் 941 கிடைக்கும். அதற்கான உலோகச் செலவு 3,460. கூடுதலாக வரும் 163-ஐக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 21 மணி நேரத்தில் போட்ட உலோகம் திரும்பிவிடும். இருபதிலிருந்து இருபத்தொன்றுக்கு உயர்த்தும்போது செலவு ஏறக்குறைய 2 இலட்சம், கூடுதல் வருவாய் மணிக்கு 626. திரும்பி வர 13 நாட்கள். முப்பதிலிருந்து முப்பத்தொன்றுக்குச் செலவு 1.15 கோடி, திரும்பி வர 220 நாட்களுக்கு மேல். இதில் படிகம் என்ற இன்னொரு வளத்தின் செலவையும் மின்னாற்றல் செலவையும் நான் சேர்க்கவே இல்லை.

இந்த மூன்று எண்களிலிருந்து வழிமுறை தானாகவே கிடைத்துவிடுகிறது. தொடக்க வாரங்களில் கண்ணை மூடிக்கொண்டு சுரங்கத்தில் போடலாம், ஏனெனில் ஒரு நாளுக்குள் பணம் திரும்பிவிடுகிறது. ஒரு கோளின் அடுத்த நிலைக்கு இரண்டு வாரம் ஆகும் கட்டத்தை எட்டியதும், புதிய கோளொன்றைக் குடியேற்றி அங்கே கீழ் நிலைகளிலிருந்து தொடங்குவது அதிக இலாபம். அதற்கும் மேல் போனால் ஆராய்ச்சியும் கப்பற்படையும் சுரங்கத்தைவிட வேகமாகச் சம்பாதிக்கும். ஈவிலும் எலைட்டிலும் புதிய கப்பலை வாங்கும் முன் இதே கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கப்பல் என் மணிக்கணக்கை எவ்வளவு உயர்த்தும், அதன் விலையை அந்த உயர்வு எத்தனை மணி நேரத்தில் ஈடுகட்டும்? இருபது மணி நேரம் என்றால் வாங்குங்கள். இருநூறு என்றால் அது அழகுக்காக வாங்குவது; அழகுக்காக வாங்குவதும் தவறில்லை, தெரிந்து வாங்க வேண்டும். எலைட்டில் 2020 ஜூனில் வந்த ஃபிளீட் கேரியர் என்ற மாபெரும் தாய்க்கப்பலின் விலை 500 கோடி கிரெடிட். அதற்கு வாராந்தரப் பராமரிப்புச் செலவு வேறு. தனியாளாக ஆடும் புதியவர் அந்த எண்ணைத் தன் முதல் ஆண்டு இலக்காக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏழாம் படி: சந்தை

நேரத்தைக் கொடுத்துப் பணம் வாங்குவதிலிருந்து பணத்தைக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு மாறும் இடம் சந்தைதான். ஈவில் இது மிக வளர்ந்த கலை. சி.சி.பி. நிறுவனம் எய்யோல்ஃபுர் குட்மண்ட்சன் என்ற பொருளாதார வல்லுநரை 2007-இல் வேலைக்கு அமர்த்தி, விளையாட்டுக்குள் நடக்கும் பொருளாதாரத்தைக் கண்காணிக்க வைத்தது. அங்கே கப்பல்களையும் குண்டுகளையும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே செய்கிறார்கள், ஆட்டக்காரர்களே அழிக்கிறார்கள். 2014 ஜனவரி 27, 28 தேதிகளில் பி-ஆர்5ஆர்பி என்ற அமைப்பில் நடந்த போரில் டைட்டன் என்ற மாபெரும் கப்பல்கள் 75 அழிந்து, ஏறத்தாழ 11 இலட்சம் கோடி இஸ்க் கரியானது. அவ்வளவு கப்பல்களையும் யாரோ மறுபடி கட்ட வேண்டும், அதற்கான தாதுவை யாரோ வெட்ட வேண்டும். உங்கள் வென்ச்சர் வெட்டும் தாதுவுக்கு விலை இருப்பதே எங்கோ கப்பல்கள் எரிந்துகொண்டிருப்பதால்தான்.

ஈவில் எல்லா இடத்துக்கும் பொதுவான சந்தை கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிச் சந்தை. மிகப் பெரியது தி ஃபோர்ஜ் வட்டாரத்திலுள்ள ஜிடா அமைப்பின் நான்காம் கோள், நான்காம் நிலவில் உள்ள நிலையம். ஆட்டக்காரர்கள் அதை ஜிடா 4-4 என்பார்கள். அமார், டோடிக்ஸி, ரென்ஸ், ஹெக் ஆகியவை அடுத்த நிலைச் சந்தைகள். முதல் வணிகத்தைத் தொடங்க ஒரு எளிய முறை: நீங்கள் தினமும் பயன்படுத்தி, விலை உங்களுக்கு மனப்பாடமாகிவிட்ட ஐந்தாறு பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜிடாவில் வாங்கும் விலையையும் உங்கள் பகுதியில் விற்கும் விலையையும் ஒரு வாரம் குறித்துவையுங்கள். ஒரு பொருளை 10 இலட்சத்துக்கு வாங்கி 11 இலட்சத்துக்கு விற்றால் ஒரு இலட்சம் கையில் நிற்காது. நீங்கள் ஆர்டர் போட்டுக் காத்திருந்தால் தரகுக் கட்டணம், விற்றால் விற்பனை வரி என்று இரண்டு கைகள் நடுவில் நீளும். இவற்றைக் குறைக்கும் அக்கவுண்டிங், புரோக்கர் ரிலேஷன்ஸ் ஆகிய இரு திறன்களையும் நான்காம் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே சிறு இலாபப் பொருட்களில் இறங்குவது நல்லது. விலையைத் தட்டச்சு செய்தபின் சுழியங்களை விரல் வைத்து எண்ணுங்கள். ஒரு கோடிக்குப் பட்டியலிட வேண்டிய பொருளை ஒரு சுழியம் குறைத்துப் பத்து இலட்சத்துக்குப் போட்டேன். திருத்தத் திரையைத் திறப்பதற்குள் அது விற்றுப்போயிருந்தது.

ஜிடாவின் அரட்டைப் பெட்டியில், நீங்கள் அனுப்பும் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று ஓயாமல் அறிவிப்புகள் ஓடும். எல்லாமே மோசடி. ஈவில் அத்தகைய ஏமாற்று விளையாட்டின் ஒரு பகுதியாகவே கருதப்படுவதால், புகார் கொடுத்தாலும் பணம் திரும்பி வராது.

உண்மையான பணமும் குழுவும்

குறுக்கு வழி உண்டா என்று கேட்பார்கள். உண்டு, விலையும் உண்டு. ஈவில் பிளெக்ஸ் என்ற பொருளை நிறுவனத்திடமே உண்மையான பணத்துக்கு வாங்கி, விளையாட்டுச் சந்தையில் இஸ்குக்கு விற்கலாம். அல்லது சம்பாதித்த இஸ்கைக் கொண்டு 500 பிளெக்ஸ் வாங்கி 30 நாள் ஒமேகா சந்தாவை நீட்டிக்கலாம். 2016 பிப்ரவரியில் வந்த ஸ்கில் இன்ஜெக்டர், 50 இலட்சத்துக்குக் குறைவான புள்ளிகள் உள்ள கதாபாத்திரத்துக்கு ஒரே சொடுக்கில் 5 இலட்சம் திறன் புள்ளிகளைத் தரும். முன்பு பார்த்த கணக்கின்படி அது பதினொன்றரை நாள் பயிற்சிக்குச் சமம். 8 கோடிப் புள்ளிகளைத் தாண்டிய மூத்தவருக்கோ அதே பொருள் ஒன்றரை இலட்சத்தைத்தான் தரும், ஆகவே இந்தக் கடை புதியவர் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆனாலும் முதல் மாதத்தில் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. புள்ளிகள் கப்பலில் ஏறும் உரிமையைத் தருமே ஒழிய, வாயிலின் மறுபக்கம் நிற்பவர் யாரென்று பார்த்துத் தப்பும் கண்ணைத் தராது. நிறுவனத்தைத் தவிர்த்து வெளி ஆட்களிடம் விளையாட்டுப் பணத்தை வாங்குவது விதிகளுக்குப் புறம்பானது, கணக்கே முடக்கப்படலாம்.

இதைவிட வேகமான, செலவில்லாத குறுக்கு வழி நல்ல குழுவில் சேர்வது. ஈவில் புதியவர்களுக்கென்றே நடத்தப்படும் கார்ப்பரேஷன்கள் சில, இழந்த சிறு கப்பல்களுக்கு மாற்றுக் கப்பல் தருகின்றன, தாது வெட்டுவோருக்குப் பெரிய கப்பல்களின் ஆதரவு தருகின்றன. ஓகேமில் கூட்டணியில் இருப்பவரைக் கொள்ளையடிக்க அண்டை வீட்டார் இருமுறை யோசிப்பர். சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வரி எத்தனை விழுக்காடு, கட்டாயப் போர்க்கடமை உண்டா, நான் ஆடும் நேரத்தில் எத்தனை பேர் இணைப்பில் இருப்பார்கள்? சேர்வதற்கு முன்பணமோ உங்கள் உடைமைகள் அனைத்தையும் அவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோகும் உதவியோ கேட்டால் விலகிவிடுங்கள்.

கணினியை அணைக்கும் முன்

ஆடாத நேரத்திலும் இந்த உலகங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, எனவே வெளியேறும் ஐந்து நிமிடங்களுக்கும் ஒரு முறை வேண்டும். ஈவில் நிலையத்துக்குள் கப்பலை நிறுத்திவிட்டு, திறன் வரிசை காலியாகாமல் நிரப்பிவிட்டு, விற்பனை ஆர்டர்களின் விலையை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியேறுங்கள். எலைட்டில் கையில் இருக்கும் தரவை விற்க வாய்ப்பிருந்தால் விற்றுவிடுங்கள். ஓகேமில்தான் இது உயிர்நாடி. கோளில் கிடக்கும் வளத்தில் பொதுவாகப் பாதியை வந்து தாக்குகிறவர் அள்ளிச் செல்லலாம். நின்றுகொண்டிருக்கும் கப்பற்படை அழிந்தால் அதன் உலோகத்திலும் படிகத்திலும் வழக்கமாக 30 விழுக்காடு சிதைவுக் குவியலாகி அவருக்கே போகும். அதனால் அனுபவசாலிகள் தூங்கப் போகும் முன் எல்லா வளத்தையும் கப்பல்களில் ஏற்றி, தாம் விழித்தெழுந்து அமரும் நேரத்துக்குச் சற்றுப் பின் வந்துசேருமாறு மெதுவான வேகத்தில் தம்முடைய வேறொரு கோளுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டு மணி நேரம் தூங்குவீர்கள் என்றால் எட்டேகால் மணி நேரப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். பல நாள் வெளியூர் போவதாக இருந்தால் விடுமுறை நிலையை இயக்குங்கள்; உற்பத்தி நின்றுவிடும், ஆனால் திரும்பி வரும்போது கோள்கள் விட்டுச் சென்றபடியே இருக்கும்.